ஒயரிங் கோளாறு

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் தவிர எந்தக் காகிதத்துக்கும் பயந்ததில்லை. போன வருஷம் ஒரு ரோஸ் நிறக் கட்டம் போட்ட காகிதத்துக்கு பயந்தேன். பெரியப்பாவின் ஈ.சி.ஜி.

மாடி ஏறினால் நாலாவது படியில் நின்றுவிடுவார். "வயசாச்சுடா!" ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. மூன்றாவது என்னுடையது. காலில் வேறு வீக்கம்.

டாக்டர் பேனா முனையால் கட்டங்களை எண்ணினார். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். இதயத்தின் கீழறைகளில் மின்சாரம் பரவ மூன்று கட்டம் தாண்டக்கூடாது. இவருக்கு நாலு.

"லெஃப்ட் பண்டில் பிளாக்."

"ரத்தக்குழாய் அடைப்பா சார்?"

"குழாய் கிளீன். ஒயரிங்தான் கோளாறு."

வலது மேலறையில் கிளம்பும் மின்சாரம், நடுவில் ஏ.வி. நோடில் ஒரு கணம் தாமதித்து, இரண்டு கிளையாகக் கீழே இறங்குமாம். (அந்த நோடை 1906-ல் விவரித்தவர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த ஜப்பானியர் தவாரா. அடுத்த வருஷமே கீத், ஃப்ளாக் என்ற இரு பிரிட்டிஷார் கிளம்பும் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.) இடது கிளை பழுதானால் சேதி வலப்பக்கம் சுற்றி, தசை தசையாகக் கைமாறி, லேட்டாக வந்து சேரும். என் பழைய ஆபீஸ் சர்க்குலர் மாதிரி. நாங்கள் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும்போது பக்கத்து செக்‌ஷன் டீ குடிக்கப் போயிருக்கும். அதேபோல நடுச்சுவர் முதலில் சுருங்கி ஓய்ந்தபிறகு வெளிச்சுவர் சுருங்குகிறது. ரத்தம் வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே அலைகிறது. இப்படியே போனால் இதயம் பெருத்துத் தளரும். தளர்ந்த இதயம் ஒயரை இன்னும் கெடுக்கும். கோழியா முட்டையா கதை. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவதல்ல, பம்ப் பலவீனமாவது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் 55 சதவீதத்துக்கு மேல் வெளியேற வேண்டிய ரத்தம் இவருக்கு 28.

"இந்த பிளாக் இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது" என்றார் டாக்டர். பெரியப்பாவுக்கு ஆகியிருந்தது.

மூன்று மாதம் மாத்திரை. போதவில்லை. பிறகு மூன்று ஒயர் பேஸ்மேக்கர். மூன்றாவது ஒயர் ஒரு சிரை வழியாக இடது கீழறையின் வெளிப்பக்கம் போய், இரண்டு சுவரையும் சேர்ந்தாற்போல் தட்டி எழுப்பும். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்த சமாசாரம். விலையைக் கேட்டதும் என் ஒயரிங்கும் கொஞ்சம் தடுமாறியது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காது என்றும் சொன்னார்கள். பெரியம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

போன வாரம் என் தலையணை திரும்பி வந்தது. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவர் பெரியப்பா.