சைக்கிள் மணி



இந்த இதழை அப்பாக்களுக்காக ஒதுக்குகிறோம் என்று அறிவித்ததும் வந்து குவிந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கின. 'என் தந்தை கடின உழைப்பாளி. குடும்பமே அவருக்கு உலகம்.' நான் குறை சொல்லவில்லை. போன வருடம் என் மாமனார் காலமானபோது பதினாறாம் நாள் அட்டைக்கு நானும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைக்கார மாப்பிள்ளை இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்கள்? அச்சாகி வந்ததை அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை. யாரு செத்தாலும் இதையே போட்டுக்கலாம்" என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சரியான விமரிசனம் வந்ததில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் மறுபடி ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

மாமனார் கோலார் தங்கவயல்காரர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட வந்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்களே, அவர்களில் ஒருவருடைய பேரன். தாத்தா, அப்பா இருவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. இவர் சேர்ந்தது 1972-இல், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவான வருடம். வயது இருபது. சாம்பியன் ரீஃப் சுரங்கம். கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது அது. ஒரே கேஜில் ஏறி அடிவரை இறங்கிவிட முடியாது. பாதியில் இறங்கி நடந்து இன்னொரு ஷாஃப்டுக்கு மாற வேண்டும். அடியில் பாறையின் சூடே அறுபது டிகிரிக்கு மேல். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் மனிதர்கள் அங்கே நிற்க முடியும். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். மாமனாரின் தாத்தா காலத்தில் அந்த வெளிச்சம் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரைக்கும் வந்ததா என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்ததோடு சரி.

சுரங்கத்தைப் பற்றி அவரிடமிருந்து கதை பிடுங்குவது லேசில்லை. தானாகச் சொன்னது ஒன்றுதான். 1965-இல் அதே சாம்பியன் ரீஃபில், பாறைக்கு அடியில் கருவி வைத்து, வானத்திலிருந்து வரும் கதிர்களால் பிறக்கிற நியூட்ரினோவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகும் பல வருடம் அங்கே ஆராய்ச்சி நடந்தது. "மேல இருந்து வர்றதைப் புடிக்க இவ்ளோ கீழ வந்து குந்திக்கினு இருந்தாங்கோ, படிச்சவங்கோ" என்பார். அவர் சொன்ன ஒரே ஜோக் அது. வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்டிருப்பேன்.

மற்றதெல்லாம் அத்தை சொல்லித் தெரிந்தது. தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்று ஒரு பேச்சு உண்டு. தோண்டித் தோண்டி அழுத்தம் ஏறிய பாறை திடீரென்று வெடிக்கும். மேலே வீடு ஆடும், அலமாரிப் பாத்திரம் உருண்டு விழும். விழுந்த பாத்திரத்தை எந்தப் பெண்ணும் எடுத்து வைக்க மாட்டாளாம். கதவைக்கூடச் சாத்தாமல் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எந்தச் சுரங்கம், எந்த ஷிப்ட், யார் வீட்டு ஆள் என்று தெரிய நேரமாகும். கல்யாணமான இரண்டாம் மாதம் அத்தை அப்படி ஓடி நின்றிருக்கிறார். மாமனாருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் சம்பள முன்பணம் வாங்கி, பழைய சைக்கிள் ஒன்றுக்கு ஒரு புது மணி வாங்கி மாட்டினார். ஷிப்ட் முடிந்து வரும்போது லைன் முனை திரும்பியதும் மூன்று தடவை அடிப்பார். அவ்வளவுதான். 'இருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன், உலை வை.'

ராத்திரி ஷிப்டுக்கும் இதே மணிதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டியதுண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களே அதைக் கேட்டுவிட்டு, நம்மாளும் பின்னாலேயே வந்துவிடுவார் என்று திரும்பிப் படுத்ததும் உண்டு.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. மூன்று பெண்களில் ஒருத்திக்குத்தான் கல்யாணம் முடிந்திருந்தது. அது என் மனைவி. கைக்கு வந்த பணம் பழைய கடனுக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் போனது. பிறகு தங்கவயலில் பாதி ஊர் செய்ததை அவரும் செய்தார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். போக வர ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. சாம்பியன் ஸ்டேஷன் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். இருந்தும் சைக்கிளை மிதித்து மாரிக்குப்பம் வரை போய்த்தான் ரயில் ஏறுவார். புறப்படும் இடத்தில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும், இரண்டு மணி நேரம் சாய்ந்து தூங்கலாம் என்று கணக்கு. டப்பாவில் களி, கூடவே ஏதாவது ஒரு கீரை. பதினாறு வருடம் இப்படி.

அந்தப் பதினாறு வருடமும் ராத்திரி திரும்பும்போது லைன் முனையில் மணி மூன்று தடவை அடித்தது. அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் தலையில் எந்தப் பாறை விழப்போகிறது? ஒருமுறை நான் கிண்டலாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து, "மணி கேட்டாத்தான் எனக்கு அரிசி கழுவத் தோணும், நீங்க சும்மா இருங்க" என்றார்.

கடைசி இரண்டு வருடம் இருமல். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தார்கள். சைக்கிள் வெளிச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

இந்த இதழில் பதினோரு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இடமில்லாமல் விட்டவை நிறைய, மன்னிக்க வேண்டும். அடுத்த மாதமும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அனுப்புகிறவர்கள் அப்பாவின் முழு வாழ்க்கையையும் சொல்லப் பார்க்காமல் ஏதாவது ஒரு நாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், டப்பாவில் என்ன, வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன செய்தார். எனக்கு அது போதும்.

சென்ற வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். சைக்கிளைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டாராம். மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம். மணி இல்லாத சைக்கிள் என்று சொல்லி அந்த ஆள் ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டான் என்று இன்னும் கோபமாக இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்