பொறிமொழியும் பள்ளிக் கணிப்பொறியும்

கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர்களுள் சிலர், அசெம்பிளி மொழி மாணவர்க்கு வேண்டாத சுமை என்று கருதுகின்றனர். இக்கருத்துப் பொருத்தமுடையதன்று. சுமையாக இருந்தது பெரும்பாலும் அம்மொழியன்று; அதனை எழுத வாய்த்த கருவிகளே.

1984–85இல் மைய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட அப்பொறி, 6502 என்னும் செயலியைக் கொண்டது. அதன் பேசிக் மொழிக்குள்ளேயே அசெம்பிளர் அமைந்திருந்தது. சதுர அடைப்புக்குறிகளுக்குள் கட்டளைகளை எழுதி இயக்கினால், அவை எண்களாக மாறி நினைவகத்தில் அமர்ந்துவிடும்.

ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தைத் திரையில் இடும் நிரல் 169, 65, 32, 238, 255, 96 என்னும் ஆறே எண்களாகும். 169 என்பது, அடுத்துள்ள எண்ணைச் செயலியின் திரட்டியில் இடுக என்னும் கட்டளை. 65 அவ்வெழுத்தின் குறியெண். 32 துணைநிரலை அழைப்பது. அடுத்த இரண்டும் அதன் முகவரி. 96 திரும்புக என்பது. முகவரியின் கீழ்ப்பகுதி முன்னும் மேற்பகுதி பின்னும் நிற்பதேன் என்று மாணவன் வினவுவானாயின், அன்றைய பாடம் பாதி முடிந்ததெனக் கொள்ளலாம்.

நிரலில் பின்னால் வரும் ஓரிடத்திற்குத் தாவ வேண்டுமெனில், அவ்விடத்தின் முகவரி முதலில் தெரியாது. ஆதலின் நிரலை இருமுறை படித்தல் வேண்டும். ஏனைய அசெம்பிளர்கள் இதனை மறைவாகச் செய்தன. பிபிசி மைக்ரோவிலோ மாணவனே ஒரு சுழற்சியெழுதி இருமுறை படிக்கச் செய்தான். இதனைக் குறையென்பாருமுளர். கற்பிப்பார்க்கு இதனினும் சிறந்த வாய்ப்புக் கிட்டுவதரிது.

1977இல் வந்த ஆப்பிள் 2 பொறியிலும் ஒரு சிறு அசெம்பிளர் உள்ளமைந்திருந்தது. எனினும் அது இடப்பெயர்களை ஏற்பதில்லை. முகவரிகளைக் கையாற் கணக்கிட வேண்டியிருந்தது.

பிழையான நிரலால் பொறி செயலற்று நிற்பதுண்டு. பிபிசி மைக்ரோவில் ‘பிரேக்’ விசையை அழுத்தி, ‘ஓல்டு’ என்று தட்டினால் எழுதிய நிரல் பெரும்பாலும் மீளும். தவறு செய்ய அஞ்சாத மாணவனுக்கு இவ்வொரு வசதியே பெருந்துணை. அந்த பேசிக்கை எழுதிய சோஃபி வில்சனே பின்னர் ஆர்ம் செயலியின் கட்டளைத் தொகுதியையும் வகுத்தார். அதனை முதலில் சோதித்துப் பார்த்ததும் அதே பேசிக்கில் எழுதிய நிரலைக் கொண்டேயாம்.

அப்பொறிகள் இன்று வகுப்பறைகளில் இல்லை. ஆயினும் அவற்றைப் போலவே இயங்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மேற்கூறிய ஆறு எண்களையும் ஆசிரியர் ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம்.