கண்டன்சர் மாற்றியும் மோட்டார் உறுமுகிறதா?

கேள்வி: மாட்டுக்குப் புல் நறுக்கும் மெஷினில் 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் (1,440 சுற்று) உள்ளது. சுவிட்ச் போட்டால் உறுமிக்கொண்டே நிற்கிறது. சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. பின்பக்கம் தீப்பொறி தெரிகிறது. இரண்டு முறை கண்டன்சர் மாற்றியும் தீரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பதில்: கையால் தள்ளிவிடுவதை இன்றே நிறுத்துங்கள். கத்தி பொருத்தியிருப்பது அந்தச் சக்கரத்தில்தான். மோட்டார் திடீரென எடுத்தால் விரல் தப்பாது.

கோளாறு பெரும்பாலும் கண்டன்சரில் இல்லை. மோட்டாரின் பின்மூடிக்குள் இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்சின் பாயிண்டில் இருக்கும். இவ்வகை மோட்டார் கிளம்புவதற்கு ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் கண்டன்சரும் உதவுகின்றன. வேகம் ஏறக்குறைய முக்கால் பங்கை, அதாவது 1,050 முதல் 1,200 சுற்றை எட்டியதும், சுவிட்ச் அவற்றைத் துண்டித்துவிடும். துண்டிக்கும்போதெல்லாம் சிறு பொறி பறக்கும். நாளடைவில் பாயிண்ட் கருகிக் குழி விழும்.

கருகிய பாயிண்ட் சேராவிட்டால் மோட்டார் உறுமி நிற்கும். ஒட்டிக்கொண்டு பிரியாவிட்டால், சில நொடிகளுக்கென்றே செய்த கண்டன்சர் சூடேறி வெடிக்கும். அடுத்து வைண்டிங்கும் எரியும்.

ஓடும் மோட்டாரை நிறுத்திக் கவனியுங்கள். வேகம் குறையும்போது 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சுவிட்ச் சிக்கியிருக்கிறது. சத்தம் வந்தும் உறுமினால் பாயிண்ட் கருகியிருக்கலாம்.

மூடியைக் கழற்றுமுன் மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கிவிடுங்கள். கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். எலக்ட்ரீசியனைக் கொண்டு அதை இறக்கிய பிறகே தொட வேண்டும். லேசான கருகலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம். ரம்பத் தகட்டால் சுரண்டாதீர்கள். மேலுள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும். எண்ணெய், கிரீஸ் பாயிண்டில் படக்கூடாது. குழி விழுந்திருந்தால் பாயிண்ட் செட்டையே மாற்றுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வைண்டிங் கட்டும் கூலியோடு பார்த்தால் இது சிறு செலவுதான்.

மீண்டும் வராமலிருக்க:

* புல்லைத் திணித்து வைத்துக்கொண்டு சுவிட்ச் போடாதீர்கள். வெறுமனே ஓடவிட்டு, வேகம் பிடித்த பின் புல் கொடுங்கள்.
* அடிக்கடி நிறுத்திப் போடாமல், ஒரு வேளைக்கான புல்லை ஒரே மூச்சில் நறுக்குங்கள்.
* வோல்டேஜ் 200-க்குக் கீழ் இறங்கினால் ஓட்டாதீர்கள். வேகம் பிடிக்கத் தாமதமாகி, கண்டன்சர் வெகுநேரம் இணைப்பில் நிற்கும்.
* கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று தூசியையும் புல் துகளையும் மோட்டாருக்குள் சேர்த்துவிடும். ஆனி பிறக்குமுன் ஒருமுறை கழற்றித் துடைத்து வையுங்கள்.

ஐந்து நொடிக்குள் மோட்டார் வேகம் பிடிக்காவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். உறுமவிட்டுக் காத்திருந்தால் வைண்டிங்தான் போகும்.