பாறுகள் செத்த பிறகுதான் தடை வருமா?

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களில் வெண்முதுகுப் பாறுகளை எண்ணிக் குறித்துவைத்திருந்தார், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ். அப்போது 353 ஜோடிகள் அங்கே கூடு கட்டின. 1990-களின் நடுவில் அவர் மீண்டும் எண்ணியபோது பாதிகூடத் தேறவில்லை. கழுத்தைத் தொங்கப்போட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்த பறவைகள் சில நாள்களில் கீழே விழுந்து செத்தன. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் அந்தச் சரிவு வெளியே தெரிந்தது. இல்லாவிட்டால், ‘முன்ன மாதிரி இப்ப கண்ணுல படறதில்ல’ என்ற பேச்சோடு போயிருக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் அப்படித்தான் போயிற்று. மலைக்கோயிலில் தினமும் உச்சிவேளையில் வந்து பொங்கல் வாங்கித் தின்ற மஞ்சள்முகப் பாறுகள் 1990-களில் வருவதை நிறுத்தின. நாம் அதைச் சகுனமாகப் பேசினோமே தவிர, ஆராயவில்லை.

நாடு முழுவதும் எடுத்த கணக்கு திகைக்க வைத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9% அழிந்துவிட்டன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. காட்டை அழித்ததாலோ வேட்டையாடியதாலோ இந்த வேகத்தில் ஒரு பறவையினம் குறைவது அரிது. ஏதோ ஒரு வைரஸ்தான் என்று பலரும் நம்பினார்கள்.

விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியலாளரின் குழு, செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. வைரஸ், பாக்டீரியா, பூச்சிக்கொல்லி, கன உலோகம் என ஒவ்வொன்றாகத் தேடினார்கள். எதுவும் பொருந்தவில்லை. பிறகுதான் கேள்வியை மாற்றினார்கள்: பாறுகள் தின்பது செத்த மாடுகளை, அந்த மாடுகளுக்குச் சாவதற்கு முன் என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் விசாரித்ததில் சிக்கியது டைக்ளோஃபினாக். மனிதர்கள் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளிலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது.

இதைவிட முக்கியமான ஒரு கணக்கை அதே ஆண்டில் இன்னொரு குழு போட்டது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே, நாம் கண்ட பேரழிவு நிகழப் போதும். பாறு கூட்டமாக இரை தின்னும் பறவை. ஒரு மாட்டின் மீது பல பாறுகள் ஒரே நேரத்தில் இறங்கும். ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரு முட்டைதான். குஞ்சு பருவமடைய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே, ‘மருந்தைப் பெருமளவு குறைத்துவிட்டோம்’ என்பது இந்த விஷயத்தில் பதிலே ஆகாது.

மனிதர்கள் கொடுத்த விலை

பாறு போனால் நமக்கென்ன என்பவர்களுக்கு, 2024-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரை பதில் சொல்கிறது. பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் அவை இயல்பாகவே இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, மருந்து மலிவாகிப் பரவுவதற்கு முன்னும் பின்னும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று பார்த்தார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. தின்ன ஆளில்லாத சடலங்கள் ஊர் எல்லையிலும் நீர்நிலைகளிலும் அழுகின, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கெட்ட தண்ணீரும் உயிரைக் குடித்தன. பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட அழிக்கும் வீரியம் கொண்டது. அந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்த ஒரு துப்புரவுப் படையை நாமே கொன்றோம்.

ஆய்வு முடிந்தது, ஆணை வரவில்லை

காரணம் தெரிந்த இரண்டே ஆண்டுகளில், 2006-இல், கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது. அது பாராட்டுக்குரியது. அதே சமயம், மாடுகளுக்குக் கேடில்லாமல் பயன்படுத்தக்கூடிய மெலாக்ஸிகாம் பாறுகளைக் கொல்வதில்லை என்பதும் நிரூபணமானது. பிரச்சினை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், மனிதர்களுக்கென்று 30 மில்லி குப்பிகளில் விற்ற டைக்ளோஃபினாக் மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவை 3 மில்லிதான்; அவ்வளவு பெரிய குப்பி யாருக்காக என்று கேட்க 2015 வரை ஆனது. பெரிய குப்பிகளுக்கு அரசு விதித்த தடையை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்கு போட்டன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

டைக்ளோஃபினாக்கின் இடத்தைப் பிடித்த மருந்துகளின் கதை இன்னும் வேதனையானது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்கிறது என்று 2010 வாக்கிலேயே ஆய்வு சொல்லிவிட்டது. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். கால்நடைகளுக்கு இவ்விரண்டையும் இந்தியா தடை செய்தது 2023 ஜூலையில். கீட்டோபுரோஃபெனுக்கு 2021-லேயே தடை விதித்து வங்கதேசம் நம்மை முந்திக்கொண்டது. ஆய்வு மேசையிலிருந்து அரசாணைக்கு வர ஒரு மருந்துக்கு ஏழு ஆண்டு, இன்னொன்றுக்குப் பதின்மூன்று ஆண்டு. இத்தனைக்கும் அறிவியலில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. மருந்து சந்தைக்கு வருகிறது, பறவை சாகிறது, பிறகு ஆய்வாளர் நிரூபிக்கிறார், அதற்கும் பிறகு கோப்பு நகர்கிறது என்ற வரிசைதான் குற்றவாளி.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. தென்னிந்தியாவில் பாறுகள் கணிசமாக எஞ்சியிருக்கும் இடம் முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், வயநாடு காடுகள் சேரும் பகுதிதான். 2023 டிசம்பரில், இந்தக் காடுகள் பரவியிருக்கும் மூன்று மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் தென்பட்டவை 320. மாயாற்றங்கரையில் நெடிதுயர்ந்த நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைக்கின்றன. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் விஷம் தடவும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஒரு சடலத்தில் தடவும் விஷம், பல ஆண்டுகளாகப் பெருகிய ஒரு கூட்டத்தையே ஒரே நாளில் துடைத்துவிடும். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு மாதக்கணக்கில் இழுக்காமல் கைக்கு வந்தால், அந்த ஆத்திரத்தில் பாதி தணியும். அதற்கான பணம், மாநில நிதிநிலைக் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல.

மத்திய அரசிடம் கேட்பது ஒன்றுதான். கால்நடைகளுக்கான எந்தப் புதிய வலிநிவாரணியும், பாறுகளுக்குக் கேடில்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்த பிறகே உரிமம் பெற வேண்டும். நிரூபிக்கும் பாரம் இத்தனை காலம் பறவை மேலும், பல்லைக் கடித்துக்கொண்டு சடலங்களை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் மேலும் இருந்தது போதும். மாடு வளர்ப்போரும் மருத்துவரிடம் மெலாக்ஸிகாம் ஊசியைக் கேட்டு வாங்குங்கள். காப்புரிமைச் சிக்கல் இல்லாத மருந்து அது. இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன.