கார்ட் வாங்க முதல் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கோ



போன எபிசோட்டில் "போட்டோ எடிட் பண்ண எந்த கிராஃபிக்ஸ் கார்ட் நல்லம்?" என்ற கேள்வியை நாலு நிமிசத்தில் கதைச்சு முடிச்சிட்டம். அது காணாது. இதே கேள்விக்குப் பிழையான பதில் எடுத்து, அம்மாவின்ர சீட்டுக் காசைக் கரைக்க இருந்தவன் நான். அதால கொஞ்சம் எழுத்திலயும் சொல்லுறன்.

உங்களில் கனபேருக்குத் தெரியும், சனி ஞாயிறில் நான் ஸ்காபரோவில் கலியாணம், சாமத்தியவீடு என்று படம் எடுக்கிறனான். மண்டபத்துக்குள்ள லைட் எப்பிடி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மணவறையில் மட்டும் வெளிச்சம், மிச்சம் எல்லாம் டீஜேயின்ர ஊதா. ஐஎஸ்ஓ 6400க்குக் கீழ இறங்கவே ஏலாது. படம் முழுக்க மணல் தூவின மாதிரி நொய்ஸ். லைட்ரூம் கிளாசிக்கில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநொய்ஸ் அதைத் துப்புரவாக்கும். ஆனால் என்ர பழைய 4 ஜிபி கார்டில் ஒரு படத்துக்கு 5 நிமிசம். ஒரு கலியாணத்தில் அப்பிடி 400 படம் என்றால் 2,000 நிமிசம். 33 மணித்தியாலத்துக்கு மேல!

உடனே ஆர்டிஎக்ஸ் 4090 வாங்குவம் என்று முடிவெடுத்தன். 24 ஜிபி மெமரி, 450 வாட்ஸ், 2022இல் வரேக்க 1,599 அமெரிக்க டொலர். அம்மாவிட்ட கேட்டன். "சீட்டு எடுத்த காசு கிடக்கு, தாறன். ஆனா ஒண்டு சொல்லு, இது படத்தை வடிவாக்குமோ?" என்றா.

"இல்லை அம்மா, கெதியாக்கும்."

"அப்ப இப்ப எது பிந்துது?"

எனக்குப் பதில் தெரியேல்ல. அண்டைக்கு இரவு லைட்ரூமை ஒரு பக்கமும் டாஸ்க் மனேஜரை மற்றப் பக்கமும் திறந்து வைச்சு, வழமையாச் செய்யிற வேலை எல்லாத்தையும் செய்து பார்த்தன். படங்களை இறக்கிப் பிரிவியூ கட்டேக்க சிபியூ முழுக்க வேலை செய்யுது, கார்ட் நித்திரை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகேக்க இழுபட்டதுக்குக் காரணம், ரோ ஃபைல் எல்லாம் பழைய வெளி ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. ஃபோட்டோஷொப்பையும் சேர்த்துத் திறந்தால் 16 ஜிபி ராம் நிரம்பி வழியுது. கார்ட் உண்மையில் மூச்சு வாங்கினது டீநொய்ஸ் ஓடேக்கயும் எக்ஸ்போர்ட் பண்ணேக்கயும்தான். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டுக்குக் கார்டைப் பாவிக்கத் தொடங்கினதே 2022இல்தான்.

ஆகவே என்ர கருத்து இதுதான்: படம் மட்டும் எடிட் பண்ணுற ஆளுக்கு கிராஃபிக்ஸ் கார்ட் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதல் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. பிறகு 32 ஜிபி ராம். பிறகு நிறம் சரியாகக் காட்டுற மொனிட்டரும் அதை அளவிடுற கருவியும். மிஞ்சினால் கார்ட்.

மொனிட்டரை ஏன் கார்டுக்கு முன்னுக்கு வைக்கிறன்? ஒருமுறை ஒரு பொம்பிளையின்ர அரக்குக் கூறைச் சீலை அல்பத்தில் செங்கல் நிறத்தில் வந்தது. பிழை என்ர மொனிட்டரில். எந்த 4090உம் அதைத் திருத்தியிருக்காது.

அப்ப கார்டே தேவையில்லையோ? அப்பிடியும் இல்லை. நூற்றுக்கணக்கான படத்துக்கு டீநொய்ஸ் ஓட்டுறீங்கள் என்றால் கட்டாயம் தேவை. ஆனால் நடுத்தரக் கார்ட் காணும். 8 ஜிபிக்குக் குறைய வாங்காதேங்கோ, 12 இருந்தால் நிம்மதி. நான் ஒரு பழைய ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினன். 12 ஜிபி, 170 வாட்ஸ், பவர் சப்ளை மாத்தத் தேவையில்லை. (கவனம், அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கு.) இப்ப ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 15 செக்கன். அந்த 400 படமும் 100 நிமிசத்தில் முடியுது, சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாம். 4090 இதை இன்னும் குறைச்சிருக்கும். ஆனால் சாப்பிடுற நேரத்தை மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கொடுக்கோணுமோ?

லைட்ரூமுக்கு மாசக் காசு கட்ட விருப்பமில்லாமல் டார்க்டேபிள் பாவிக்கிற ஆக்களுக்கு: அது ஓபன்சிஎல்லில் ஓடுறது, ஏஎம்டி கார்டும் சரிவரும். மக்புக் வாங்கப் போற ஆக்கள் மெமரியை வாங்கேக்கயே யோசிச்சு எடுங்கோ, பிறகு கூட்ட ஏலாது. வீடியோ, கேம் என்றால் கணக்கு வேற, அதை இதோட குழப்பாதேங்கோ.

கடைசியாக ஒண்டு. புதுக் கார்ட் வந்த அண்டைக்கு முதலில் ஓட்டினது அக்காவின்ர கலியாணத்தில் எடுத்த அம்மம்மாவின்ர படம். அதுக்குப் பிறகு அவ இருந்தது ஆறு மாசம்தான். டீநொய்ஸ் அளவை 100க்கு இழுத்துவிட்டன். நொய்ஸ் ஒரு பொட்டும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன். கனநேரம் பார்த்தா.

"கன்னத்துச் சுருக்கம் எங்கயடா? இது என்ர அம்மா மாதிரி இல்லை."

35க்கு இறக்கினன். கொஞ்சம் மணல் திரும்பி வந்தது, அம்மம்மாவும் வந்தா. அந்தப் படம்தான் இப்ப சுவரில் தொங்குது. சீட்டுக் காசில் மிஞ்சினதை அம்மாவிட்டத் திருப்பிக் கொடுத்திட்டன்.

உங்கட கொம்பியூட்டரில் எது பிந்துது? இண்டைக்கு இரவு டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்திட்டு எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.