ஓசை பெரிதா? தெளிவு பெரிதா?

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்பதும் ஒரு கல்வியே என்பது அப்பெருமானின் துணிபு. ஆனால் கேட்பதற்குரிய கருவியை வாங்கக் கடைக்குச் செல்லும்போது, காதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்துச் செல்கிறோமே, இது முறையா? இக்குற்றத்தைச் செய்தவர்களுள் நாங்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் கையடக்கமான பாட்டுக் கருவி ஒன்று உள்ளது. எங்களுக்கு முன் படித்த அக்காமார் விட்டுச் சென்றது. கிறிஸ்து பிறப்புப் பாடல்கள், ஆங்கில உச்சரிப்புப் பாடங்கள், மனப்பாடச் செய்யுட்கள் எல்லாம் அதில் பதிந்துள்ளன. காதில் மாட்டிக்கொண்டால் ஒருத்தி கேட்கலாம். மற்ற 41 பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்! ஆகவே ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 42 பேரும் சேர்த்த 2,100 ரூபாயுடன், எங்களில் ஐவர் வகுப்பாசிரியையின் துணையோடு தஞ்சைக் கீழவாசலுக்குப் புறப்பட்டோம்.

கடையில் இரண்டு ஒலிபெருக்கிகள் எங்கள் தொகைக்குள் அடங்கின. ஒன்று பெரியது; வண்ண விளக்குகள் மின்ன, அதன் அட்டைப்பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. மற்றொன்று சிறிய கறுப்புப் பெட்டி; '10 வாட்' என்று அடக்கமாகச் சொன்னது. ஐவரில் நால்வரின் கை பெரியதையே சுட்டியது. கடைக்காரரும் எங்கள் பாட்டை அதில் போட்டுக் காட்டினார். மேசை அதிர்ந்தது, நாங்கள் மகிழ்ந்தோம். அப்போது, செவித்திறன் சற்றுக் குறைந்த எங்கள் தோழி மெல்லச் சொன்னாள்: "சத்தம் கேட்குதுடி, வார்த்தைதான் புரியலை."

அந்த ஒரு சொல் எங்களை நிறுத்தியது. நன்றாகக் கேட்கும் காதுடைய எங்களுக்கு மட்டும் வார்த்தை புரிந்ததா? இல்லை, அப்பாட்டு எங்களுக்கு முன்பே மனப்பாடம், அவ்வளவுதான். அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

மறுநாள் இயற்பியல் வகுப்பில் அருட்சகோதரி ஒரு கணக்குப் போட்டார். அப்பெட்டிக்கு மின்சாரம் ஊட்டும் சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். ஆற்றில் வருவதற்கு மேல் வாய்க்காலில் எத்தனை நாள் பாயும்? அப்படியிருக்க 1000 வாட் எங்கிருந்து வரும்? கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எட்டக்கூடும் என்று காட்டும் உச்ச அளவை 'பி.எம்.பி.ஓ.' என்று போடுவார்களாம். தொடர்ந்து தரும் ஆற்றலைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' அளவு. வாங்குவோர் பார்க்க வேண்டியது பின்னதையே.

இன்னொன்றும் அறிந்தோம். வாட்டை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு ஓசையாகப் பட ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆனால் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் நமக்கும் உள்ள தொலைவைப் பாதியாகக் குறைத்தால், காசு செலவின்றியே 6 டெசிபெல் கூடிவிடுகிறது! மேசைமேல் தூக்கிக் காது மட்டத்தில் வைப்பதும், வகுப்பின் நடுவே வைப்பதும் பணம் கேட்காத மேம்பாடுகள்.

"பெரிய பெட்டியில் அடித்தொனி நன்றாக வருமே" என்று சிலர் வாதிட்டனர். அதில் உண்மை உண்டு. எங்கள் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் குட்டையான திமிரி உச்சத்தில் ஒலிக்கும். நீண்ட பாரி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். அதுபோலவே சிறிய கூம்புத்தாள் கொண்ட ஒலிபெருக்கியில் அடித்தொனி குறைவுதான். ஆனால் எங்கள் தேவை என்ன? சொல் புரிய வேண்டும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் மேல்தொனியில்தான் உள்ளன. அடித்தொனி அவற்றை மூடிவிட்டால் சொல்லுக்குச் சொல் வேறுபாடு மங்கிவிடும்!

இரண்டாம் முறை கடைக்குச் சென்றபோது காதையும் உடன் கொண்டு சென்றோம். பாட்டை விடுத்து, முன்பின் கேட்டிராத ஓர் உரைநடைப் பகுதியைப் போடச் செய்தோம். பத்தடி தள்ளி, பெட்டியைப் பாராமல் நின்று எழுதிக்கொண்டோம். பெரியதில் பல சொற்கள் விட்டுப்போயின. சிறியதில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன. பாட்டுக் கருவியின் துளையிலிருந்து வருவது காதணிக் கருவிக்குப் போதுமான சிறு மின்னாற்றலே. ஆதலால் உள்ளேயே பெருக்கி உடைய பெட்டிதானா என்று கேட்டோம். எங்கள் பழைய கருவியில் புளூடூத் இல்லை. கம்பி செருகும் துளை இருக்கிறதா என்றும் பார்த்தோம். பெட்டி 1,650 ரூபாய், கம்பி 150 ரூபாய், மீதம் 300 ரூபாய்.

வகுப்பில் எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய். பிரிவு உபசார விழாவுக்கு இது போதாது என்று இன்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் விடை இதுதான்: விழா ஒரு நாள், பாடம் ஆண்டு முழுவதும்.

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டுள்ளன. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி அது இன்னும் குறைவு. ஆயினும் பொதுத்தேர்வுக் காலத்தில் ஊர்தோறும் ஒலிபெருக்கி அலறும்போது, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளைகளை யார் நினைக்கிறார்கள்? இதில் நம் ஆலயத் திருவிழாக்களும் விலக்கல்ல என்பதைத் தாழ்மையுடன் சொல்கிறோம். இறைவனுக்குக் காது கேளாமலா இருக்கிறது?

இப்போது எங்கள் தோழி பாடம் ஓடும்போது தலையை அசைத்துக்கொண்டே எழுதுகிறாள். குறைந்த பணத்தில் எது நல்ல ஒலிபெருக்கி என்று யாரேனும் கேட்டால் எங்கள் விடை எளிது. உங்கள் கூட்டத்தில் யாருக்குக் கேட்பது கடினமோ, அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் புரிவதை வாங்குங்கள். அவருக்குத் தெளிவானது எல்லாருக்கும் தெளிவாகும்.