கூண்டு கட்டியவர் யார்?

பழைய கார்களின் கண்காட்சிகளில் ஒவ்வொரு காரின் முன்பும் ஓர் அட்டை வைக்கப்பட்டிருக்கும். தயாரித்த நிறுவனம், தயாரித்த ஆண்டு, வாங்கிய மகாராஜா ஆகிய மூன்று செய்திகள் அதில் பெரும்பாலும் தவறுவதில்லை. பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் அந்த முன்புற வளைவையும் பின்புறச் சரிவையும் உண்டாக்கியவர் யார் என்ற செய்திதான் அடிக்கடி தவறிப்போகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆடம்பரக் கார்களைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று. ஏட்டை வைத்திருந்த ஜமீன்தாரின் பெயரைச் சொல்லிவிட்டு நூலாசிரியரின் பெயரை விட்டுவிடுவதற்கு ஒப்பானது இது.

அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முழுக் காரை விற்கவில்லை. இயந்திரம், சக்கரங்கள், ரேடியேட்டர் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. வாங்கியவர் அதைத் தமக்கு விருப்பமான பட்டறைக்கு அனுப்பி மேற்கூட்டைக் கட்டிக்கொள்வார். லண்டனில் பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, பாரிசில் கெல்னர், சாவுச்சிக், ஃபிகோனி ஃபலாஸ்கி, மிலானில் டூரிங் எனப் புகழ்பெற்ற பட்டறைகள் பல இருந்தன. ஒரே ஆலையிலிருந்து ஒரே மாதத்தில் வெளிவந்த இரு அடிச்சட்டங்கள், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரு கார்களாக வளர்ந்து நிற்பது இதனால்தான்.

இத்தொழிலைக் குறிக்கத் தமிழில் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கரூரில் பேருந்துக்கு மேற்கூடு அமைப்பதைக் ‘கூண்டு கட்டுதல்’ என்றே வழங்குகிறார்கள். அடிச்சட்டம் வேறோர் ஊரின் ஆலையிலிருந்து வருகிறது. கூண்டு கரூரில் ஏறுகிறது. மாட்டுவண்டியின் மேல் வளைத்துக் கட்டிய கூண்டினால் ‘கூண்டு வண்டி’ என்ற பெயர் உண்டானதை நினைத்தால், இச்சொல் வண்டிக் காலத்திலிருந்து மோட்டார் காலத்துக்கு நடந்து வந்திருப்பது விளங்கும். ஐரோப்பிய மொழிகளிலும் இதுவே நிகழ்ந்தது. ஃபேட்டன், லாண்டோ, புரூம், காப்ரியோலே என்று கார்களுக்கு வழங்கிய பெயர்கள் யாவும் குதிரைவண்டிகளின் பெயர்கள். ஓட்டுநரின் முன்னே இன்று மின்திரை ஒளிரும் ‘டேஷ்போர்டு’, ஒருகாலத்தில் குதிரைக் குளம்பு வாரியடித்த சேற்றைத் தடுத்த பலகை. கைவினைஞர்கள் தங்கள் பழைய கருவிகளோடு பழைய சொற்களையும் புதிய தொழிலுக்குள் எடுத்துச் சென்றார்கள்.

அவர்கள் கை செய்த வேலை எளியதன்று. முதலில் ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டகம் இழைத்துப் பூட்டப்படும். அதன்மேல் அலுமினியத் தகடோ எஃகுத் தகடோ போர்த்தப்படும். தட்டையான தகட்டை முதலில் சுத்தியலால் அடித்து வளைவுக்குக் கொண்டுவருவார்கள். பின்னர் இரு உருளைகளுக்கு இடையே அதை முன்னும் பின்னும் செலுத்திச் சமன்படுத்துவார்கள். எந்த இடத்தில் எத்தனை முறை செலுத்த வேண்டும் என்பதை உள்ளங்கையே அறியும். இடப்புறத்துச் சக்கரக் கவசமும் வலப்புறத்துக் கவசமும் ஒன்றன் நிழல்போல் மற்றொன்று அமைவது அச்சுவார்ப்பின் பயனன்று, கைப்பழக்கத்தின் பயன். விமானியான சார்ல்ஸ் வெய்மன் மற்றொரு வழி கண்டார். மரத்துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி உலோகத் தகடுகளால் இணைத்து, மேலே துணியைப் போர்த்தினார். கரடுமுரடான சாலையில் மரம் உரசிக் கிறீச்சிடும் ஒலி அதனால் அடங்கியது, எடையும் குறைந்தது.

வடிவத்துக்கும் காரணத்துக்கும் உள்ள உறவை புகாட்டி அட்லாண்டிக் என்ற கார் நன்கு காட்டும். ழான் புகாட்டியின் வடிவமைப்பில் 1935இல் பாரிசில் காட்டப்பட்ட முன்மாதிரியின் மேற்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. அந்த உலோகத்தைப் பற்றவைப்பது கடினம். ஆகவே இரு பாதிகளையும் நடுவே ஒரு முகடாக நிமிர்த்தி, ஆணி அறைந்து இணைத்தார்கள். அடுத்து வந்த கார்கள் அலுமினியத்தில் செய்யப்பட்டன, அலுமினியத்தைப் பற்றவைக்கலாம். ஆயினும் அந்த முகடு நீங்கவில்லை. காரணம் மறைந்தபின்பும் வடிவம் அழகாக நிலைத்துவிட்டது. பேசுவோர் நாவில் பொருள் மங்கிய விகுதி ஓசைக்காக நிலைப்பது போன்றது இது. அவ்வாறு செய்யப்பட்டவை நான்கே கார்கள்; அவற்றுள் ழான் புகாட்டி தமக்கென வைத்திருந்தது போர்க்காலத்தில் காணாமற்போனது.

இந்தியாவில் இக்கார்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசர்களைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ரோல்ஸ் ராய்ஸ் கடையில் அவமதிக்கப்பட்ட மகாராஜா, கார்களை வாங்கிவந்து குப்பை அள்ளவிட்ட கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அவர் அல்வர் மன்னர் என்பார் ஒருவர்; பரத்பூர் மன்னர் என்பார் மற்றொருவர்; பாட்டியாலா என்பாரும் உண்டு. நாயகன் மாறிக்கொண்டே இருக்கும் கதையை நாட்டார் வழக்காறாகச் சுவைக்கலாம், வரலாறாகக் கொள்ளலாகாது.

ஆவணமுள்ள செய்திகளே இதைவிடச் சுவையானவை. இந்தோர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கருக்காக 1930களின் நடுவில் ஒரு டியூசன்பர்க் உருவானது. இயந்திரமும் அடிச்சட்டமும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தவை. கூண்டு கட்டியது லண்டனின் கர்னி நட்டிங் பட்டறை, வரைந்தவர் ஏ. எஃப். மக்நீல். 1910இல் கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மாத்யூசன் என்ற ஆங்கிலேயர், லோஸ்டாஃப்ட் நகரின் புரூக் நிறுவனத்தைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் ஒரு காரைச் செய்வித்தார். அலகிலிருந்து நீராவி சீறும். சக்கரங்களில் ஒட்டும் யானைச் சாணத்தைத் தள்ளத் தூரிகைகள் இருந்தன. தெருவில் கூட்டம் கட்டுக்கடங்காமற்போகவே காவல்துறை அதைத் தடுத்தது. பின்னர் நாபா மன்னரிடம் சென்ற அக்கார், இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள லோமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கூண்டு கட்டும் கலை கப்பலில் மட்டுமே வந்திறங்கியது என்று கருதவும் கூடாது. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் குதிரைவண்டிகள் செய்து பெயர்பெற்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் சென்னையிலேயே ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். அத்தகைய பட்டறைகளில் மரம் இழைத்தவர்களும் தகடு அடித்தவர்களும் தோல் தைத்தவர்களும் பெரும்பாலும் இந்நாட்டுத் தொழிலாளர்களே. எந்தக் கண்காட்சி அட்டையிலும் அவர்கள் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. சமஸ்தானத்துக் குடிகளின் வரிப்பணத்தில் வந்த ஆடம்பரத்தை இன்று எதற்காக வியக்க வேண்டும்? வாங்கியவரை வியப்பதாயின் இம்மறுப்புக்கு விடையில்லை. செய்தவரை வியப்பதாயின் விடை உண்டு. கோயிற்சிற்பத்தைப் பார்ப்பவர் கொடையளித்த மன்னனின் போர்களையும் சேர்த்துப் போற்ற வேண்டியதில்லை. உளியின் வேலையை அறிந்து போற்றலாம். அதே அறிவு இங்கும் வேண்டும். உரிமையாளரின் பெயர் முன்னும் கைவினைஞரின் பெயர் பின்னுமாக இருக்கும் வரிசையை மாற்றாதவரை, இந்த வியப்பு செல்வத்தின் முன் கைகட்டி நிற்பதாகவே முடியும்.

பாதுகாப்பு பற்றிய கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது. புகாட்டி ரோயால் என்ற பெருங்காரின் வரலாறு இதற்குச் சான்று. 1932இல் ஆர்மான் எஸ்டேர் என்பவருக்காகக் கட்டப்பட்ட அதன் இரட்டை இருக்கைத் திறந்த கூண்டு, முன்விளக்குகள்கூட இல்லாத தூய வடிவம். பின்னர் அக்கூண்டு அகற்றப்பட்டது. பிண்டர் பட்டறை அதே அடிச்சட்டத்தில் வேறொரு கூண்டைக் கட்டியது. எஸ்டேரின் கூண்டு அழிந்தது. அதன் நகல் ஒன்று இன்று பிரான்சின் முலூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் அடிச்சட்டத்தின்மேல் இரண்டாவது கூண்டு ஒருபுறம், முதற்கூண்டின் நகல் மறுபுறம். இவற்றுள் எது மூலம்?

இது பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமான கேள்வி. உ. வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது பாடபேதங்களை அழித்துவிடவில்லை, குறிப்பாகத் தந்தார். பழைய காரைப் புதுப்பிப்பவரும் ஒருவகையில் பதிப்பாசிரியரே. உளுத்த மரச்சட்டத்தை மாற்றுவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார் என்று எழுதிவைக்காமல் கண்ணாடிபோல் மெருகேற்றி நிறுத்துவது, பிரதிகளைச் சுட்டாமல் தம் விருப்பப்படி திருத்திய பதிப்பு போன்றது. மூடி மறைக்கப்பட்ட சுத்தியல் தழும்போடு ஒரு தொழிலாளியின் கையெழுத்தும் மறைகிறது.

உலக அளவில் இந்த உணர்வு வலுத்துவருகிறது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இலிருந்து நடக்கும் புகழ்பெற்ற போட்டியில் நெடுங்காலம் பளபளப்பே வென்றது. 2024இல் அதன் முதற்பரிசு, புதுப்பிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்ட 1934ஆம் ஆண்டு புகாட்டி 59க்குக் கிடைத்தது. பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த கார் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. அதன் வண்ணப்பூச்சு மங்கியிருந்தது, வரலாறு மங்கவில்லை.

இந்தியாவில் 2021இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்குத் தனிப்பதிவை அளித்தன. வாகனம் மூலவடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ மேற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் இருக்கலாகாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லது. ஆனால் இந்த வாசகம், ஆலையிலிருந்து முழு உருவாக வெளிவந்த காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கூண்டு மாற்றுவது வழக்கமாகவே இருந்த ஒரு காலத்துக் கார்களை இவ்வாசகத்தை மட்டும் கொண்டு அளந்தால் இரு தீங்குகள் நேரும். 1936இலேயே கூண்டு மாற்றிய கார், உண்மையான வரலாறு உடையதாயினும் ஐயத்துக்கு உள்ளாகும். சென்ற ஆண்டு பழைய பாணியில் புதிதாகக் கட்டிய கூண்டு, பார்வைக்குச் சரியாக இருப்பதால் தப்பிவிடும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. பரிசோதிக்கும் மாநிலக் குழுக்களில் மரவேலையும் தகட்டுவேலையும் அறிந்த ஒருவருக்கு இடம் வேண்டும். எந்தக் கூண்டு, எந்தப் பட்டறை, எப்போது மாற்றம் என்பதைப் பதிவேட்டில் தனிப்பத்தியாகச் சேர்க்க வேண்டும். மன்னர் மானிய ஒழிப்புக்குப் பின் கேட்பாரற்றுக் கிடந்த கார்களை உதிரிபாகமே கிடைக்காத காலத்தில் உயிரோடு வைத்திருந்த உள்ளூர் மெக்கானிக்குகளின் வேலையும், டிங்கர் வேலை செய்தவர்களின் ஒட்டுகளும் ஊனமாக அல்லாமல் வரலாறாகக் குறிக்கப்பட வேண்டும். அவர்களுள் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதாவிட்டால் அந்த ஏடு மீளாது.

இவற்றுக்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கண்காட்சியின் அட்டையில் மகாராஜாவின் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தாலே தொடக்கமாகிவிடும்: கூண்டு கட்டியவர் இன்னார்.